பாரம்பரியத் தக்காளியை வீட்டில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்களுக்கு விதை கொடுத்துக் கொடுத்தே இந்தக் கேள்விகள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. விதை வாங்கிப்போன பத்தாம் நாள் ஒரு கேள்வி வரும், இரண்டாம் மாதம் ஒன்று வரும், காயின் அடிப்பக்கம் கறுத்ததும் பதறியடித்துக்கொண்டு இன்னொன்று வரும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். என்னிடம் பாதிச் செடிகள் தொட்டியிலும் பாதி ஹைட்ரோபோனிக்ஸ் வாளிகளிலும், அதாவது மண்ணில்லாமல் சத்துக் கரைத்த தண்ணீரிலும், நிற்கின்றன. அதனால் இரண்டைப் பற்றியும் இதில் இருக்கும்.

பாரம்பரிய ரகம் என்றால் சரியாக எது?

பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாயைப் போலவே பிள்ளை வர வேண்டும். அதுதான் முதல் நிபந்தனை. அப்படி விதை எடுத்து எடுத்துப் பல தலைமுறையாக யாராவது காப்பாற்றி வந்த ரகம் பாரம்பரிய ரகம். வயது விஷயத்தில்தான் சண்டை. 50 வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள் சிலர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹைப்ரிட் விதைகள் பரவிவிட்டதால் அதற்கு முந்தியதுதான் கணக்கு என்பார்கள் வேறு சிலர். நான் வயதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. பச்சை வரி ஓடும் கிரீன் ஸீப்ராவை டாம் வாக்னர் என்பவர் வெளியிட்டதே 1983இல்தான். ஆனாலும் எல்லாரும் அதை இந்தக் கூடையில்தான் போடுகிறார்கள், நானும் போடுகிறேன்.

இந்த ரகங்களோடு ஆட்களும் ஒட்டிக்கொண்டு வருவார்கள். செரோகீ பர்ப்பிள் என்ற கருஞ்சிவப்புத் தக்காளிக்குப் பெயர் வைத்தவர் கிரெய்க் லெஹூலியர். 1990இல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து ஒருவர் பெயரில்லாத விதையாக அதை அவருக்குத் தபாலில் அனுப்பினார். மார்ட்கேஜ் லிஃப்டர் என்ற பெயருக்கு 'அடமானத்தை மீட்டது' என்று பொருள். மேற்கு வர்ஜீனியாவில் ரேடியேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தானே ரகங்களைக் கலந்து உருவாக்கிய தக்காளியின் நாற்றை ஒன்று ஒரு டாலர் என்று விற்று, ஆறு வருடத்தில் 6,000 டாலர் வீட்டுக் கடனை அடைத்ததாகக் கதை. நாற்று விற்றே வீடு மீட்டார் என்றால் பழம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம்.

கடையில் வாங்கிய ஹைப்ரிட் பழத்தின் விதையைப் போட்டால் என்ன ஆகும்?

முளைக்கும், காய்க்கும். ஆனால் எது வரும் என்று சொல்ல முடியாது. ஹைப்ரிட் என்பது இரண்டு வேறு பெற்றோரைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை. அதன் விதையில் இருவரின் குணங்களும் கலைந்து சீட்டுக்கட்டு போல மறுபடி விழும். ஒரு செடி உருண்டையாகக் காய்த்தால் பக்கத்துச் செடி நீளமாகக் காய்க்கும். விளையாட்டாகச் செய்து பார்க்கலாம், தவறில்லை. அடுத்த வருடமும் அதே பழம் வேண்டும் என்றால் ஹைப்ரிட் சரிவராது.

ருசி உண்மையிலேயே வேறா, அல்லது பழம்பெருமையா?

பாதிக்கு மேல் உண்மை. பழைய ரகங்களில் காயின் தோள்பட்டைப் பகுதி கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய் முழுக்க ஒரே மாதிரி வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகப் பழுக்க வேண்டும் என்று இனப்பெருக்கம் செய்தவர்கள் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்தபோது கூடவே ஒரு மரபணு செயலிழந்து போனது என்று 2012இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அந்த மரபணுதான் காயில் பச்சையத்தைக் கூட்டுகிறது. பச்சையம் கூடினால் காய் தானே கொஞ்சம் சர்க்கரையும் தயாரித்துக்கொள்ளும். அழகான பழத்துக்காக இதை விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

மீதிப் பாதி வளர்ப்பில் இருக்கிறது. பாரம்பரிய விதை என்பதற்காகவே ருசி வந்துவிடாது. நிழலில் வைத்து, தினமும் தண்ணீரில் ஊறப்போட்டு, பச்சையாகவே பறித்தால் ருசிக்குப் பேர்போன பிராண்டிவைன் ரகம்கூட சப்பென்றுதான் இருக்கும்.

முதல் தடவை எந்த ரகம் போடலாம்?

எல்லாரும் படத்தைப் பார்த்து அரைக்கிலோ எடையில் காய்க்கும் ரகத்தைத்தான் கேட்கிறார்கள். வேண்டாம். பெரிய பழம் காய்ப்பவை தாமதமாகக் காய்க்கும், குறைவாகக் காய்க்கும், வெடிக்கும், அழுகும். பிராண்டிவைன் நாற்று நட்டதிலிருந்து முதல் பழத்துக்கு 80 முதல் 100 நாள் எடுக்கும். அதுவரை பொறுமை இருக்காது.

சின்னப் பழ ரகம் ஒன்று, நடுத்தரம் ஒன்று என்று தொடங்குங்கள். பேரிக்காய் வடிவில் காய்க்கும் எல்லோ பேர் எதையும் தாங்கும். செக் நாட்டு ரகமான ஸ்டூபிச்சே சீக்கிரம் காய்க்கும், குளிரையும் ஓரளவு பொறுக்கும். கொஞ்சம் கை பழகியதும் செரோகீ பர்ப்பிளோ பிளாக் கிரிமோ போடலாம். பெரிய ரகங்களில் இவை இரண்டும் அவ்வளவு அடம்பிடிப்பதில்லை.

விதையை எப்படிப் போடுவது?

அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். கலவை ஈரமாக இருக்கட்டும், சொதசொதவென்று வேண்டாம். 21 முதல் 29 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் 5 முதல் 10 நாளில் முளைக்கும். முளைக்கும்வரை வெளிச்சம் தேவையில்லை. முளைத்த அன்றே தேவை.

நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது. தூக்கிப் போடவா?

வேண்டாம். வெளிச்சம் போதாததால் தேடிக்கொண்டு நீண்டிருக்கிறது. ஜன்னல் ஓர நாற்றுகளுக்கு வழக்கமாக வருவதுதான். தக்காளிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: தண்டு மண்ணுக்குள் போன இடமெல்லாம் வேர் விடும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மேல் இலைகள் மட்டும் தெரியும்படி கழுத்துவரை புதைத்து நடுங்கள். நன்றாக வளர்ந்த நாற்றையும் நான் அப்படித்தான் நடுகிறேன். கத்தரி, மிளகாய் நாற்றை இப்படிக் கழுத்துவரை புதைக்கும் வழக்கம் இல்லை.

வெளியே வைப்பதற்கு முன் ஒரு வாரம் பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேர வெயில், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. பழக்காமல் வைத்தால் இலை வெள்ளையாகக் கருகும்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

பாரம்பரிய ரகங்களில் பெரும்பாலானவை கொடி மாதிரி ஓடிக்கொண்டே இருப்பவை, இரண்டு மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரு செடிக்கு 20 லிட்டர் கொள்ளளவு கட்டாயம். 40 லிட்டர் இருந்தால் உங்கள் வேலை பாதியாகும், ஏனென்றால் பெரிய தொட்டி சீக்கிரம் காயாது. வெயில் தினமும் 6 மணி நேரமாவது நேராகப் பட வேண்டும். அது இல்லாத இடத்தில் எதைச் செய்தாலும் இலைதான் வரும்.

கலவைக்கு நான் தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம், தண்ணீர் வடிய பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகள் சேர்க்கிறேன். தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளித் தொட்டியில் போட்டால் இறுகிவிடும்.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

இந்தக் கேள்விக்கு நாள் கணக்கில் பதில் சொல்ல முடியாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துவிட்டுப் போவதுதான் மோசமான பழக்கம். மேல் மண் மட்டும் நனையும், வேர் மேலேயே தங்கும்.

பெரிய செடி வெயில் நாளில் 2 முதல் 4 லிட்டர் குடிக்கும். அளவைவிடச் சீர்தான் முக்கியம். மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் குடம் குடமாக ஊற்றினால் காய்க்குள் தண்ணீர் திடீரென்று பாயும். தோல் அந்த வேகத்துக்கு விரியாது, வெடிக்கும். பழைய ரகங்களுக்குத் தோல் மெல்லியது, அதனால் முதலில் வெடிப்பவை இவைதான். மூடாக்குப் போடுங்கள். காய்ந்த இலையோ வைக்கோலோ ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் நிதானமாகக் குறையும். இலை நனையாமல் அடியில் ஊற்றுங்கள். பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைச் சற்றுக் குறைத்தால் ருசி ஏறும், ஆனால் செடி வாடும் அளவுக்குக் குறைக்கக் கூடாது.

காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் போலக் காய்ந்துபோகிறது. என்ன நோய்?

நோயே இல்லை. பூ இருந்த முனையில் கால்சியம் போய்ச் சேராததால் வரும் குறை. உடனே எல்லாரும் மண்ணில் கால்சியம் இல்லை என்று முடிவு கட்டுவார்கள். பெரும்பாலும் மண்ணில் இருக்கும், காய்க்குப் போகாது. கால்சியம் தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் பயணம் செய்யும். தண்ணீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கே, அதாவது இலைக்கு, அது முதலில் போகும். காய்க்குப் போவது கொசுறுதான். ஈரம் விட்டு விட்டு வந்தால் அந்தக் கொசுறும் நின்றுபோகும். ஆகவே மருந்து, மேலே சொன்ன சீரான தண்ணீர்தான். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டு இலையைப் பெருக்கினாலும் இதே தொல்லை வரும்.

முட்டை ஓடு போடலாமா?

போடலாம், அடுத்த வருடச் செடிக்கு உதவலாம். இந்தக் காயைக் காப்பாற்றாது. ஓடு மண்ணில் கரைவதற்கு அவ்வளவு காலம் ஆகும்.

பக்கக் கிளைகளை ஒடிக்க வேண்டுமா?

இலைக்கும் தண்டுக்கும் நடுவில் கக்கத்தில் ஒரு தளிர் கிளம்பும். அதைத்தான் கேட்கிறீர்கள். விட்டால் அது தனிச் செடி மாதிரி வளர்ந்து பூக்கும், காய்க்கும். இடம் இருந்தால் விடலாம். தொட்டியில் இடம் இராது, காற்றோட்டம் குறைந்து நோய் வரும். நான் இரண்டு தண்டுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை விரல் நீளத்துக்குள் கிள்ளிவிடுவேன். வாளியில் வளர்ப்பவற்றுக்கு ஒரே தண்டு, மேலேயிருந்து தொங்கும் கயிற்றில் சுற்றிவிட்டது.

கிள்ளியதைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் பத்துப் பன்னிரண்டு நாளில் வேர்விடும். காசில்லாமல் இன்னொரு செடி.

பூ பூத்துக் கொட்டிவிடுகிறது, காய் பிடிக்கவில்லை.

முதலில் வெப்பமானியைப் பாருங்கள். பகலில் 32 டிகிரிக்கு மேல் போனாலோ, இரவில் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ மகரந்தம் பழுதாகும், பூ உதிரும். இரவில் 13 டிகிரிக்குக் கீழே போனாலும் அப்படித்தான். வெயில் உச்சத்தில் நிழல்வலை கட்டலாம். மற்றபடி வெப்பம் இறங்கும்வரை செடியை உயிரோடு வைத்திருப்பதுதான் நம் வேலை. அது மறுபடி பூக்கும்.

கடும் வெயிலில் பழம் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்தில் நின்றுபோவதற்கும் இதே காரணம்தான். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, மஞ்சள் நிறமி மட்டும் தங்கும்.

வெப்பம் சரியாக இருந்தும் பூ உதிர்ந்தால் உரத்தைச் சந்தேகியுங்கள். இலை தடித்துக் கரும்பச்சையாகச் சுருண்டிருந்தால் தழைச்சத்து கூடிவிட்டது என்று பொருள்.

பாரம்பரிய ரகங்களுக்கு நோய் அதிகம் வருமாமே?

வரும். மறைத்துப் பயனில்லை. ஹைப்ரிட் விதை உறையில் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு எழுத்துகள் இருக்கும். அவை வாடல் நோய், நூற்புழு, மொசைக் வைரஸ் போன்றவற்றைத் தாங்கும் சக்தியைக் குறிப்பவை. பழைய ரகங்களில் பலவற்றுக்கு அது இல்லை.

மூன்றை அடையாளம் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அடி இலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் ஆரம்பநிலை கருகல். அந்த இலைகளை எடுத்துவிட்டு, தரையிலிருந்து ஓர் அடிவரை இலையே இல்லாமல் வைத்து, மண் இலையில் தெறிக்காமல் மூடாக்குப் போட்டால் செடி தாக்குப்பிடித்துவிடும். குளிர்ந்த ஈரமான நாட்களில் இலையிலும் தண்டிலும் நீர் கோத்த மாதிரி கரும்பட்டைகள் வந்து இரண்டு மூன்று நாளில் பரவினால் அது பின்பருவக் கருகல். அப்போது இரக்கம் பார்க்காமல் செடியை முழுதாகப் பிடுங்கி உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். நுனி இலைகள் சின்னதாகி மஞ்சளாகி மேல்நோக்கிச் சுருண்டு, செடி வளராமல் குறுகி நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருள் வைரஸ். இதற்கும் மருந்து இல்லை. செடியைப் பிடுங்கிவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டு ஈயைக் குறையுங்கள்.

அடி இலைகள் மட்டும் உள்நோக்கிச் சுருண்டு மற்றபடி செடி திடமாக இருந்தால் கவலைப்படாதீர்கள். அது வெயிலுக்குச் செடி செய்யும் தற்காப்பு.

மண்ணிலேயே வாடல் நோய் இருக்கும் இடத்தில் ஒட்டுக்கட்டலாம். கீழே நோய் தாங்கும் வேர்ச்செடி, மேலே நமக்குப் பிடித்த ரகம். இன்னொரு வழி, மண்ணையே விட்டுவிடுவது. நான் ஹைட்ரோபோனிக்ஸுக்கு வந்தது அப்படித்தான். ஒரே மூலையில் இரண்டு பருவம் தொடர்ந்து செடிகள் வாடிச் செத்தன. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு முடிச்சாக நூற்புழு.

பாரம்பரியத் தக்காளி ஹைட்ரோபோனிக்ஸில் வருமா?

நன்றாக வரும். சொல்லப்போனால் இந்தக் கலையைப் பிரபலமாக்கியதே தக்காளிதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் ஊட்டச்சத்துத் தண்ணீரில் 25 அடி உயரத் தக்காளிக் கொடிகளை வளர்த்து, ஏணி போட்டுப் பறித்துக் காட்டினார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற சொல்லை 1937இல் அச்சில் கொண்டுவந்தவரும் அவர்தான். கிரேக்க மொழியில் 'நீர்', 'உழைப்பு' என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. அன்று அவர் கையில் இருந்த தக்காளி ரகங்கள் இன்றைய கணக்கில் பழைய ரகங்கள்தானே.

இதில் பெரிய லாபம் விளைச்சல் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குக் கிடைத்த லாபம் வேறு: தண்ணீர் சீராகப் போகிறது. வெடிப்பும் அடிக்கறுப்பும் என் வாளிச் செடிகளில் தொட்டிச் செடிகளைவிடக் குறைவு.

எந்த முறை நல்லது?

வாளியும் சொட்டுநீரும். 15 முதல் 20 லிட்டர் வாளியில் பெர்லைட்டோ சுட்ட களிமண் உருண்டையோ நிரப்பி, பகலில் பல தடவை ஊட்டச்சத்துத் தண்ணீர் சொட்டவிட்டு, மிஞ்சியதை ஒரு குழாய் வழியே சத்துத் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது. வாளியின் அடியில் நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதும் தங்கும்படி வடிகுழாயை வையுங்கள். பம்ப் நின்றால் அதுதான் செடியின் கையிருப்பு.

சாய்வான குழாயில் மெல்லிய படலமாகத் தண்ணீர் ஓடும் முறை கீரைக்குப் பிரமாதம். இரண்டு மீட்டர் தக்காளியின் வேர் குழாயையே அடைத்துவிடும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி சொன்ன முறைக்குப் பம்பே வேண்டாம். பாத்திரம் நிறையத் தண்ணீர், மேலே வலைத்தொட்டியில் செடி. தண்ணீர் குறையக் குறைய மேல் வேர்கள் காற்றில் நின்று மூச்சுவிடும், கீழ் வேர்கள் குடிக்கும். குட்டைச் செடிகளுக்கும் சின்னப் பழ ரகத்துக்கும் இது சரி. ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணீர் குறைந்துவிட்டதே என்று மறுபடி கழுத்துவரை நிரப்பாதீர்கள். காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கினால் மூச்சுத் திணறும், செடி மறுநாளே தொங்கிவிடும். பாதிக்கு மேல் போகாமல் நிரப்புங்கள்.

எந்த முறையானாலும் தண்ணீரில் வெளிச்சம் படக்கூடாது. பட்டால் பாசி பிடிக்கும். வெள்ளை வாளியாக இருந்தால் வெளியே கறுப்புப் பூச்சு அடியுங்கள், அதற்கு மேலே வெள்ளை அடியுங்கள். வெறும் கறுப்பு வெயிலில் தண்ணீரைக் காய்ச்சிவிடும்.

பி.எச்., ஈ.சி. அளவுகள் எவ்வளவு இருக்க வேண்டும்?

பி.எச்., அதாவது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, 5.5 முதல் 6.5 வரை. நான் 5.8க்கும் 6.3க்கும் நடுவில் வைத்திருப்பேன். இதற்கு வெளியே போனால் தண்ணீரில் சத்து இருந்தும் வேர் எடுக்காது. 7ஐத் தாண்டினால் முதலில் இரும்புச்சத்துக் குறை தெரியும், இளம் இலை நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் மாறும்.

ஈ.சி. என்பது தண்ணீரில் எவ்வளவு உப்பு, அதாவது சத்து, கரைந்திருக்கிறது என்பதன் அளவு. நாற்றுக்கு 1.0 முதல் 1.5 மில்லிசீமென்ஸ், வளரும் செடிக்கு 2.0 முதல் 2.5, காய்க்கும்போது 2.5 முதல் 3.5. காய்க்கும் பருவத்தில் பொட்டாசியம் கூடுதலாகவும் தழைச்சத்து குறைவாகவும் உள்ள கலவைக்கு மாறுங்கள்.

எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். ஈ.சி. ஏறினால் செடி சத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது, வெறும் தண்ணீர் சேருங்கள். இறங்கினால் பசியாக இருக்கிறது, சத்து சேருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை முழுவதையும் மாற்றிவிடுங்கள். பழைய தண்ணீர் பூச்செடிகளுக்குப் போகட்டும்.

சத்தை ஏன் 'ஏ', 'பி' என்று இரண்டு பாட்டிலில் தருகிறார்கள்?

ஒன்றில் கால்சியம் நைட்ரேட் இருக்கும், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும் இருக்கும். அடர்த்தியாக இருக்கும்போது இரண்டையும் சேர்த்தால் கால்சியம் அவற்றோடு பிணைந்து சுண்ணாம்புப் பொடி மாதிரி அடியில் படிந்துவிடும். படிந்தது செடிக்கு இல்லை. எனவே தொட்டித் தண்ணீரில் முதலில் ஒன்றை ஊற்றிக் கலக்கி, அப்புறம் அடுத்ததை ஊற்றுங்கள்.

வேர் பழுப்பாகி வழவழப்பாக இருக்கிறது.

வேர் அழுகல். தண்ணீர் சூடாகிவிட்டது. 18 முதல் 24 டிகிரி நல்லது. தண்ணீர் சூடாக ஆக அதில் பிராணவாயு குறையும், அழுகல் பூஞ்சைகளுக்கோ அப்போதுதான் கொண்டாட்டம். தொட்டியை நிழலில் வையுங்கள், மீன்தொட்டிக்குப் போடும் காற்றுக்கல் போடுங்கள். ஆரோக்கியமான வேர் வெள்ளையாக, லேசான மண்வாசனையோடு இருக்கும். கெட்ட வாடை அடித்தால் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும்.

ஒருநாள் பம்ப் நின்றுபோனால்?

வாளியில் பெர்லைட் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். களிமண் உருண்டை அவ்வளவு ஈரம் பிடிக்காது, வெயிலில் சீக்கிரம் காயும். இரண்டு நாள் ஊருக்குப் போனபோது என் டைமர் செத்துப்போனது. திரும்பி வந்து பார்த்தால் ஆறடிச் செடிகள் நனைந்த துணி மாதிரி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. நாலில் மூன்று பிழைத்தன, ஆனால் அப்போது பிடித்திருந்த காய் எல்லாம் அடி கறுத்தது. இப்போது இரண்டு டைமர் வைத்திருக்கிறேன்.

மண்ணில் விளைந்ததுபோல ருசி இருக்குமா?

செடியைக் கொஞ்சம் தாகத்தோடு வைத்தால் இருக்கும். தண்ணீர் எளிதாகக் கிடைப்பதால் பழம் பெருத்து ருசி நீர்த்துப்போவதுதான் ஆபத்து. பழுக்கும் நேரத்தில் ஈ.சி.யை 3.5 பக்கம் ஏற்றினால் வேர் தண்ணீரை இழுக்கச் சிரமப்படும், பழம் சிறுத்து இனிப்பும் புளிப்பும் கூடும். அதற்கும் மேல் ஏற்றினால் கால்சியமும் போகாமல் அடி கறுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பது ரகத்துக்கு ரகம் மாறும், கடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டுக்குள் எல்.ஈ.டி. விளக்கில் வளர்த்தால் 24 மணி நேரமும் எரியவிடலாமா?

கூடாது. தொடர்ந்து வெளிச்சம் பட்டால் தக்காளி இலை மஞ்சளாகிப் பழுதாகும். தக்காளிக்கு இருட்டு வேண்டும். 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டு அணைத்துவிடுங்கள்.

உள்ளே தேனீ கிடையாது. மகரந்தச் சேர்க்கை?

தக்காளிப் பூ தன்னைத் தானே சேர்க்கை செய்துகொள்ளும், அதற்கு அதிர்வு மட்டும் போதும். வெளியே காற்றும், பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிடும் பெரிய வண்டுத் தேனீக்களும் அதைச் செய்கின்றன. உள்ளே நாம் செய்ய வேண்டும். நடுப்பகலில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டுங்கள், அல்லது எலக்ட்ரிக் பல் தூரிகையை இரண்டு நொடி காம்பில் வையுங்கள். மஞ்சள் பொடி பறப்பது தெரியும். காற்று ரொம்ப ஈரமாக இருந்தால் மகரந்தம் ஒட்டிக்கொண்டு விழாது, ஒரு சின்ன விசிறி ஓடட்டும்.

எப்போது பறிப்பது? ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து அறையில் வைத்தாலும் பழுக்கும். வெடிக்கும் ரகத்தையும் பறவை கொத்தும் இடத்திலும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஃப்ரிட்ஜ் வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே மணம் தரும் பொருள்கள் உருவாவது மட்டுப்படும். ஒரு வாரம் 5 டிகிரியில் வைத்த பழம் வெளியே எடுத்த பிறகும் பழைய மணத்துக்குத் திரும்பவில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. சர்க்கரை குறைவதில்லை, மணம்தான் போகிறது. தக்காளியில் பாதி ருசி மூக்கில்தான் இருக்கிறது.

கிரீன் ஸீப்ரா போலப் பழுத்தும் பச்சையாக இருப்பவற்றை நிறம் பார்த்துப் பறிக்க முடியாது. பச்சைக்குள் மஞ்சள் சாயல் வந்து, அழுத்தினால் லேசாக அமுங்கினால் பழுத்துவிட்டது.

விதை எடுப்பது எப்படி?

இதற்காகத்தானே இவ்வளவும். முதலில் செடியைத் தேர்ந்தெடுங்கள், பழத்தை அல்ல. ஒரே ஒரு பெரிய பழம் காய்த்த நோஞ்சான் செடியைவிட, நோயில்லாமல் கடைசிவரை காய்த்த செடியின் நடுத்தரப் பழமே மேல். அதில் ஒரு பழத்துக்கு நூல் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் வீட்டில் யாராவது பறித்துச் சாப்பிட்டுவிடுவார்கள்.

நன்றாகக் கனிந்ததும் அறுத்து, விதையைக் கூழோடு ஒரு கண்ணாடிக் குவளையில் பிழியுங்கள். விதையைச் சுற்றி வழவழப்பான ஓர் உறை இருக்கும். பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் தடுப்பது அதுதான். அதை நீக்க, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மெல்லிய துணியால் மூடி இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். மேலே பூசணப் படலம் வரும், நாற்றம் அடிக்கும், வீட்டில் திட்டு விழும். நாலு நாளைத் தாண்டவிடாதீர்கள், குவளைக்குள்ளேயே முளைக்க ஆரம்பிக்கும். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், சக்கையும் பதர் விதையும் மிதக்கும். மேலே மிதப்பதை வடித்துவிட்டு, கழுவி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். தாளில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. வெயிலில் வைக்க வேண்டாம்.

பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் கலந்துவிடாதா?

கலப்பது அபூர்வம்தான். பெரும்பாலான தக்காளிப் பூவில் மகரந்தத்தை வாங்கும் நுனியான சூல்முடி, மகரந்தப் பைகள் சேர்ந்த குழலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும், வெளி மகரந்தம் எளிதில் போய்ச் சேராது. பிராண்டிவைன் மாதிரி உருளைக்கிழங்குச் செடியைப் போன்ற இலை கொண்ட சில ரகங்களிலும், மிகச் சின்னப் பழக் காட்டு ரகங்களிலும் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி வைப்பது நல்லது. அவ்வளவு இடம் இல்லாவிட்டால் பூ மலருமுன் கொத்துக்கு மெல்லிய வலைத்துணிப் பை மாட்டி, தினமும் ஒரு தட்டு தட்டி, காய் பிடித்ததும் பையைக் கழற்றிவிட்டு நூல் கட்டுங்கள்.

விதை எத்தனை வருடம் இருக்கும்?

காற்றுப் புகாத புட்டியில் உலர்ந்த, குளிர்ந்த, இருட்டான இடத்தில் நாலைந்து வருடம் சாதாரணமாக முளைக்கும், அதற்கு மேலும் முளைப்பதுண்டு. ஈரம்தான் எதிரி.

உறையின் மேல் என்ன எழுத வேண்டும்?

ரகத்தின் பெயர், எடுத்த வருடம், யாரிடமிருந்து வந்தது. பென்சிலால் எழுதுங்கள். மை வெயிலில் மங்கும், ஈரத்தில் ஓடும். இதை நான் கற்றுக்கொண்டது ஏழு ரகத்தின் பெயர்ப்பட்டை ஒரே மழையில் அழிந்த வருடம். ஆறை இலையும் காயும் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஏழாவது, தோள்பட்டையில் ஊதா ஓடும் ஒரு சின்ன உருண்டை, இன்றுவரை எதுவென்று தெரியவில்லை. 'மழையில் தப்பியது' என்று எழுதி வைத்திருக்கிறேன். வருடா வருடம் அதே உருண்டையாகத்தான் காய்க்கிறது.